பங்காளி குரூப்பில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

செட்டிநாட்டில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், பெரியவர்கள் இரண்டு பேர் ஊரில், மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில், பேரன் அமெரிக்காவில் என்று இருப்பதுதான் இன்றைக்கு வழக்கம். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கப்பலில் வரும் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வீடுகள் இவை. இப்போது கொள்ளுப்பேரன் முதல் அடி எடுத்து வைத்த அன்றைக்கே ஊரில் இருக்கும் ஆயா அதை வாட்ஸ்அப்பில் பார்த்து, பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் காட்டிவிடுகிறார். அதனால் “இந்தப் போனால்தான் எல்லாம் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வசதி இதுவரை வந்ததில்லை.

ஆனால் அதே போன் வழியாகத்தான் பூட்டிக் கிடக்கும் வீட்டின் விவரமும், கல்யாண வயதுப் பெண்ணின் படமும் பிறந்த நேரமும், ஐயாவின் வங்கிப் பணமும் வெளியே போகின்றன. நன்மை, தீமை என்று இரண்டு பட்டியல் போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே பதிவிலிருந்துதான் வருகின்றன. ஒன்றைப் போடுவதற்கு முன்னால் இதை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நம் வீடுகளில் முகப்பு வரைக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம், வளவுக்குள் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) தெரிந்தவர்கள், உள் அறைக்குள் வீட்டு ஆட்கள் மட்டும். பேஸ்புக்கில் பொதுவில் போடுவது முகப்பு, பங்காளி குரூப் வளவு, ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்புவது உள் அறை. எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைத்தான் கீழே சொல்கிறேன்.

குடும்ப குரூப்பை ஒழுங்காக நடத்துவது

படைப்பு (முன்னோருக்குப் படையல் வைத்துப் பங்காளிகள் கூடுவது), கோவில் திருவிழா, சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்று வந்துவிட்டால் ஐம்பது அறுபது பேருக்குத் தகவல் போக வேண்டும். எல்லாரும் பேசும் குரூப்பிலேயே அதைப் போட்டால், அதற்குக் கீழே குட்மார்னிங் பூக்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்து விழுந்து, படைப்பு எந்தத் தேதி என்று திரும்பத் திரும்ப நாலு பேர் கேட்பார்கள். ஆகவே இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் அட்மின்கள் மட்டும் செய்தி போடலாம் என்று அமைத்துவிடுங்கள். தேதி, நேரம், பங்குத் தொகை, யார் வீட்டில் சாப்பாடு, இதெல்லாம் அதில் மட்டும். இன்னொன்றில் எல்லாரும் தாராளமாகப் பேசட்டும், அந்தப் பேச்சும் வேண்டியதுதான். பேசும் குரூப்பின் சத்தத்தை அணைத்துவைத்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது, ஏனென்றால் முக்கியமான விஷயம் மற்றதில் வந்துவிடும்.

அப்புறம் பழைய படங்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் இருப்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வலைத்தளங்களால் கிடைக்கும் நன்மைகளில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் மேலே வைப்பேன்: ஒரு படத்தை குரூப்பில் போட்டு “இதில் உட்கார்ந்திருப்பவர் யார்?” என்று கேளுங்கள். வயதானவர்களுக்குத் தட்டச்சு செய்வது சிரமம், அதனால் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பினாங்கில் யார் கடை வைத்திருந்தார், எந்த வருஷம் திரும்பி வந்தார், பக்கத்தில் நிற்பது யாருடைய மாப்பிள்ளை என்று ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். அதைக் கேட்டு உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். குரூப்பையே பெட்டகமாக நினைத்து அதிலேயே விட்டுவிடவும் வேண்டாம், போன் மாறும்போது போய்விடும். கணினியில் ஒரு பிரதி, வேறொருவரிடம் ஒரு பிரதி என்று இருக்கட்டும்.

விற்பவர்களுக்கு

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) செய்பவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள், பலகாரம் போடுபவர்கள், இவர்களுக்கு இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் உண்மையிலேயே சோறு போடுகின்றன. காரணம், இந்தப் பொருள்களின் விலைக்கு நியாயம் அவை செய்யப்படும் விதத்தில் இருக்கிறது, அதைக் கடையில் காட்ட முடியாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது அந்தப் பளபளப்பு வருகிறதே, அதை அரை நிமிட வீடியோவாக எடுத்துப் போடுங்கள். சூளையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம், பட்டறையின் சத்தமே போதும்.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பதிவில் சொல்லுங்கள், ஏனென்றால் விசைத்தறியில் அதே கட்டத்தைப் போட்டுக் குறைந்த விலைக்கு விற்பவர்களும் இதே வலைத்தளத்தில்தான் இருக்கிறார்கள். சேலையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், கரையைக் கிட்டத்தில் ஒன்று, முழுச் சேலையும் தெரிய ஒன்று. நீளம், நூல் என்ன, துவைத்தால் சாயம் போகுமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். விலையையும் எழுதிவிடுங்கள். “விலைக்குத் தனியாகக் கேளுங்கள்” என்று போட்டால் வாங்குகிற ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

பலகாரத்தைப் பொறுத்தவரை, மணகோலமும் தேன்குழலும் சீப்புச் சீடையும் கூரியரில் ஊர் தாண்டிப் போகும். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் போகாது, யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ஒரு கெட்டுப்போன டப்பாவின் படம் போதும், ஆறு மாதம் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும், அந்த எண்ணைப் பாக்கெட்டிலும் போடுங்கள், பக்கத்திலும் போடுங்கள்.

எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அந்தக் கணக்கு உங்கள் சொத்து கிடையாது. 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குச் சேர்த்துவைத்த கூட்டம் முழுவதும் ஒரே இரவில் இல்லாமல் போனது. ஆகவே வாங்குபவர்களின் பெயரையும் எண்ணையும், அவர்கள் அனுமதியோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி எதுவாக இருந்தாலும் நோட்டு உங்களுடையது.

பூட்டிய வீடும் பொதுப் பதிவும்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பர்மா தேக்குத் தூண், செதுக்கிய நிலைக்கதவு, தஞ்சாவூர் ஓவியம், பழைய பித்தளைப் பாத்திரம், பெல்ஜியம் கண்ணாடி, இதில் எதற்கும் சந்தையில் விலை உண்டு. போதாக்குறைக்கு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து பத்து நாள் தங்கி, வீட்டை மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துப் பொதுவில் போட்டு, கடைசியில் “திரும்பவும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம், இனி அடுத்த வருஷம்தான்” என்று மனசு கனத்து எழுதுகிறோம். எழுதுகிற மனசு எனக்குப் புரிகிறது. அதைப் படிக்கிற எல்லாரும் நல்லவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

என்ன செய்யலாம் என்றால், வீட்டின் அழகைக் காட்ட வேண்டுமானால் காட்டுங்கள், ஆனால் பூட்டு, சாவிக் கொத்து, பின்வாசல், பண்ட அறை, இரும்புப் பெட்டி, கேமரா மாட்டியிருக்கும் இடம் இவை எதுவும் படத்தில் வர வேண்டாம். எந்தத் தெரு, எந்த வீடு என்று இடத்தைச் சேர்க்காதீர்கள். எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்பது குடும்ப குரூப்புக்கு மட்டும். கல்யாணத்தில் சீர் பரப்பி வைத்திருக்கும் வெள்ளிச் சாமான்களையும் வைரத்தையும் பொதுவில் போடுவதை நான் அறவே வேண்டாம் என்பேன். குடும்பத்துக்கு அனுப்புங்கள், பார்த்து மகிழட்டும், அதற்கு மேல் போக வேண்டிய தேவை அதற்கு இல்லை. வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்கள், படப்பிடிப்புக்கு விடுபவர்கள் வேறு கணக்கு. அவர்களுக்குப் படம்தான் விளம்பரம், அங்கே எப்போதும் ஆளும் இருக்கும்.

பேஸ்புக்கில் சுயவிவரத்தைப் பூட்டும் வசதி இந்தியாவில் 2020-லிருந்து இருக்கிறது. நண்பர்கள் அல்லாதவர்களுக்குப் பழைய படங்கள்கூடத் தெரியாமல் போகும். விற்பனைக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொண்டு சொந்தக் கணக்கைப் பூட்டிவிடுங்கள்.

ஜாதகம் சுற்றும் வழி

நம் பக்கத்தில் வரன் பார்ப்பது இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம், அதில் பெரும்பாலானவர்களை நாம் பார்த்ததே கிடையாது, நம் போன் எண் மட்டும் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பெண்ணின் மூன்று படம், பிறந்த தேதி, பிறந்த நேரம், வேலை பார்க்கும் கம்பெனி, சம்பளம், வீட்டு முகவரி, அவளுடைய சொந்த எண் எல்லாம் ஒரே பிடிஎஃப்பில் போய்விடுகிறது. கல்யாணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் அந்த பிடிஎஃப் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். இதை இரண்டு சுற்றாகப் பிரித்தால் போதும், வரனும் தள்ளிப்போகாது.

முதல் சுற்றில் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள், அதில் எந்தப் பிரிவு, நட்சத்திரம், ராசி, வயது, படிப்பு, எந்த ஊரில் இருக்கிறார், இவ்வளவுதான். பொருத்தம் பார்க்க ஆரம்பத்தில் இது போதும். பேசுவதற்கு அப்பச்சியின் (அப்பாவின்) எண்ணோ அம்மானின் (தாய்மாமனின்) எண்ணோ கொடுங்கள், பெண்ணின் எண் வேண்டவே வேண்டாம். பொருந்தி வந்து, அந்த வீட்டைத் தெரிந்த ஒருவரிடம் விசாரித்த பிறகு, முழு ஜாதகத்தையும் படத்தையும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். படத்தின் குறுக்கே தேதியையும் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் மங்கலாக எழுதிவிட்டால், அது வெளியே போனால் எங்கிருந்து போனது என்று தெரியும். ஆதார், பான் அட்டை, சம்பளச் சீட்டு எதையும் எந்தச் சுற்றிலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தவறி குரூப்பில் போட்டுவிட்டால் எல்லாருக்கும் அழிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் சுமார் இரண்டரை நாளுக்குள் செய்ய வேண்டும், அதற்குள் யாராவது இறக்கி வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, பையனுக்கோ பெண்ணுக்கோ தெரியாமல் அவர்கள் படத்தை எந்த குரூப்பிலும் போடாதீர்கள். அது அவர்களுடைய முகம், அவர்களிடம் கேட்க வேண்டும்.

யாராவது படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக மாற்றி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். மிரட்டிய செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். முக்கியமாக, வீட்டில் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் சொல்லாமல் மறைப்பதைத்தான் மிரட்டுகிறவன் நம்பியிருக்கிறான்.

அனுப்புவதற்கு முன்

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வழியில் குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து சொந்தக் கிராமத்துக்குச் சாமி கும்பிட வருகிற குடும்பங்கள் நாமும்தான், அதனால் இதை வேறு யாருக்கோ நடந்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த வருஷம் இப்படிப் பல சாவுகள் நடந்த பிறகுதான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரே சமயத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் என்றும் மாற்றியது. அப்படிப்பட்ட செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால் நிறுத்துங்கள். தேதி இருக்கிறதா, எந்த ஊர் என்று இருக்கிறதா, நாளிதழ் எதிலாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்து, வைத்தியம் பற்றிய செய்தி என்றால் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் அனுப்பாதீர்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்திகள் எல்லாம் சுற்றுகின்றன.

பெரியவர் ஒருவர் தவறான செய்தியைப் போட்டுவிட்டால் குரூப்பில் வைத்துத் திருத்துவது அவரை நாலு பேர் முன்னால் குறைத்துப் பேசுவது போல ஆகிவிடும், அவரும் பிடிவாதமாக நிற்பார். தனியாக எழுதுங்கள்: “சித்தப்பா, காலையில் நீங்க போட்ட வீடியோ நம்ம ஊர்ல நடந்தது இல்லையாம், பழசாம். ஆச்சிமார் பயந்துடுவாங்க, எடுத்துடுங்களேன்.” பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

பணம் பறிக்கும் வழிகள்

கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஒரு கோப்பு வரும், முடிவில் ஏபிகே என்று இருக்கும். அதைத் திறந்து நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளை மோசடிக்காரன் படிக்கலாம், ஓடிபியும் அதில் சேர்த்தி. உண்மையான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோதான் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் கணக்கே பறிபோயிருக்கலாம்.

சொந்தக்காரர் எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், போன் போட்டுப் பேசிக் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழைய சாமான் விற்கிறவர்களிடம் மோசடிக்காரர்கள் பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் பின் நம்பரும் தேவையே இல்லை. வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து உங்களை டிஜிட்டலில் கைது செய்திருக்கிறோம் என்றால், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது, வைத்துவிடுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களைத்தான் இதற்கு அதிகம் குறிவைக்கிறார்கள், அதனால் அவர்களிடம் இதை நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இன்றைக்கே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்பதற்குள் போய் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். தனியுரிமை என்பதற்குள், தெரிந்தவர்கள் மட்டும் உங்களை குரூப்பில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள்.

பிள்ளைகள்

பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பரிலிருந்து அமல்படுத்திவிட்டது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி எல்லார் போனும் வளவிலேயே சார்ஜில் இருக்கட்டும், பெரியவர்கள் போனும் சேர்த்துத்தான். முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்ட திரையிடம் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, கட்டுப்பாடு இல்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

எண் மாறும்போது

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய சிம்மை அலமாரியில் போட்டுவிட்டு ரீசார்ஜ் பண்ண மறந்துவிடுவார்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த இணைப்பு துண்டிக்கப்படலாம், அப்புறம் அதே எண் வேறு யாருக்காவது போய்விடும். குரூப்பில் அந்த எண் இன்னும் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டுச் செய்தியை எல்லாம் படிக்க நேரலாம். இறந்துபோனவர்களின் எண்ணுக்கும் இதேதான். எடுக்க மனசு வராது, ஆனாலும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளைச் சேமித்துக்கொண்டு, எண்ணை குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊரில் ஒருவர், வெளிநாட்டில் ஒருவர் என்று இரண்டு அட்மின்கள் இருந்தால், வருஷம் ஒருமுறை படைப்புக்குக் கூடும்போது உறுப்பினர் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபார்த்துவிடலாம்.